கண்ணை விட்டுவிட்டு எடுத்த படம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வேலை செய்த அவளை எல்லோரும் 'ஸ்கேன் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீளமான அந்த நடைபாதையில்தான் அவளுடைய வாழ்க்கையில் பாதி கழிந்திருந்தது. முதலில் எக்ஸ்ரே அறை. அப்புறம் வயிற்று ஸ்கேன் எடுக்கும் டாக்டருக்குத் துணையாக. பிறகு சி.டி. கடைசியாக, நடைபாதையின் கோடியில் கனத்த கதவுக்குப் பின்னால் இருக்கும் எம்.ஆர்.ஐ.

வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"எதுக்குங்க சின்னச் சின்னதா? பெரிய ஸ்கேனாவே ஒண்ணு எடுத்துடுங்களேன்!"

"உங்களுக்கு நாலு நாத்தனார் இருந்தா நாலு பேர்கிட்டயும் ஒரே விஷயத்தையா கேப்பீங்க?" என்பாள் அவள். பயந்துபோய் வந்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் புரியவைத்துவிடுவாள். எக்ஸ்ரே வாசலிலேயே நிற்கிற மூத்த நாத்தனார். எலும்பு முறிந்ததா இல்லையா என்று நின்ற இடத்திலேயே போட்டு உடைப்பாள், ஆனால் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒன்றாகச் சேர்த்துக் குழப்பிவிடுவாள். வயிற்று ஸ்கேன் சாது. கருவிலிருக்கிற குழந்தைக்கும் தீங்கு செய்யாது. காற்றும் எலும்பும் குறுக்கே வந்தால் மட்டும் வாயடைத்துப் போகும். சி.டி. வேகக்காரி. மூச்சைப் பிடித்து விடுவதற்குள் உடம்பைச் சீவிச் சீவிக் காட்டுவாள், மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் அவளிடம் தப்பாது. ஆனால் அவள் வீசுகிற கதிர் அதிகம்; வீட்டுக்கு அடிக்கடி கூப்பிடக் கூடாதவள்.

"அப்ப எம்.ஆர்.ஐ?"

"அது கடைக்குட்டி. நரம்பு, மூளை, சவ்வுன்னு யாருக்கும் தெரியாததெல்லாம் அதுக்குத் தெரியும். ஆனா பிடிவாதம். ஆடாம அசையாம படுக்கணும், அது போடற சத்தத்தைப் பொறுத்துக்கணும். இரும்பைக் கண்டா ஆகவே ஆகாது."

இப்படி ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவளுடைய கைபேசி, ஒரு பிற்பகல் மேஜைமேல் துடித்தது.

பட்டறையிலிருந்து அழைப்பு. அவள் கணவர் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிறவர். சொந்தப் பட்டறை. தலைக்குமேல் இருந்த கம்பி ஒன்றைப் பற்றவைக்க முக்காலியில் ஏறி நிமிர்ந்து பார்த்தவர், அப்படியே சுருண்டு விழுந்துவிட்டாராம். பின்மண்டையில் அடி. ஓயாமல் வாந்தி.

அவள் ஓடவில்லை. கால்கள் ஓட மறுத்துவிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தாள். இருபது வருஷமாக எத்தனையோ பெண்கள் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்துபோயிருப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

"தலையில ரத்தக்கசிவு இருக்கான்னு பார்க்கணும். உடனே சி.டி. எடுங்க" என்றார் டாக்டர்.

"நானே எடுக்கறேன் சார்."

வேண்டாமென்று தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மேஜையில் படுத்திருந்தவரின் முகத்தை அவள் இரண்டு கைகளாலும் பிடித்தாள். முகவாயை மெல்லக் கீழே அழுத்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். அப்படிச் சாய்த்தால் கதிர் பெரும்பாலும் கண்களுக்கு மேலாகப் போய்விடும். கண்ணுக்குள் இருக்கும் மெல்லிய லென்ஸ் பிழைக்கும். எல்லா நோயாளிக்கும் செய்வதுதான். தன் மனிதர் என்பதால் அன்று ஒரு விரற்கடை அதிகமாகவே சாய்த்தாள். கண்ணை வைத்துத்தானே அவர் பிழைப்பே!

"ஏம்மா, பயமா இருக்கா?" என்று கேட்டார் படுத்திருந்தவர்.

"பேசாதீங்க. படம் ஆடும்."

ரத்தக்கசிவு இல்லை. அவள் மூச்சு திரும்பி வந்தது. ஆனால் கடைசிச் சில படங்களில், பின்மூளையில், இடதுபக்கமாக, விரலால் தேய்த்துவிட்டதுபோல மங்கலான ஒரு நிழல்.

படம் பார்க்கும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

"இந்த இடத்துல ரெண்டு பக்கமும் தடிச்ச எலும்பு. அதுக்கு நடுவுல சி.டி. கோடு கோடா இழுக்கும்னு உனக்கே தெரியும். வெறும் கோடா இருக்கலாம்."

"இல்லேன்னா சார்?"

"இல்லேன்னா கட்டியா இருக்கலாம். காலையில எம்.ஆர்.ஐ. எடுத்துடு. அதுதான் சொல்லணும்."

வார்டுக்குப் போனாள். கணவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கல்லூரியிலிருந்து மகள் ஓடி வந்து அப்பாவின் காலைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"என்னம்மா வந்திருக்கு படத்துல?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு."

"அப்புறம் எதுக்கு இன்னொரு ஸ்கேன்?" என்றாள் மகள்.

"சும்மா, எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கறதுக்கு. உங்கப்பா மண்டையில மூளை இருக்கான்னு எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்."

அவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பி நின்று, சரியாகவே இருந்த போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். இந்த மனிதரை இன்னும் எத்தனை காலம் இப்படிச் சிரிக்கவைக்க முடியும் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

விடிந்தது. எம்.ஆர்.ஐ. அறைக்குப் பொறுப்பானவரை எல்லோரும் 'காந்தம்' என்பார்கள். ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருந்தார். அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். அந்த முறையில் அவள் கணவர் அவருக்கு மாப்பிள்ளை.

"வாங்க மாப்பிள்ளை! தங்கச்சி கையால படம் எடுத்துக்கணும்னு முக்காலியிலேர்ந்து குதிச்சீங்களாமே? நேரா வந்து கேட்டிருந்தா நானே எடுத்துத் தந்திருப்பேனே!"

கணவர் சிரிக்க முயன்றார். காந்தம் கேள்விகளை ஆரம்பித்தார். அந்தக் கதவைத் தாண்டுவதற்கு முன்னால் யாராக இருந்தாலும் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள்.

"இதயத்துல கருவி ஏதாவது வெச்சிருக்கா?"

"இல்ல" என்றாள் அவள்.

"ஆபரேஷன் பண்ணிக் கம்பி, தகடு, கிளிப்பு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"தங்கச்சி, நான் மாப்பிள்ளையைக் கேக்கறேன்."

"அவருக்குத் தெரியாததும் எனக்குத் தெரியும். நீங்க மேல கேளுங்க, நேரமாகுது."

தினமும் இதே இடத்தில் நின்றுகொண்டு, புருஷனுக்காகப் பதில் சொல்லும் பெண்களை எத்தனை முறை வெளியே அனுப்பியிருக்கிறாள்! "அவர் உடம்பு, அவர் வாயால சொல்லட்டும்மா" என்று எத்தனை முறை கண்டித்திருக்கிறாள்! அன்று அவளுக்கு அது எதுவும் நினைவில் இல்லை. கண்முன்னால் அந்த நிழல் மட்டும்தான் நின்றது.

"இரும்பு வேலைக்காரர்னா இதைக் கேட்டே ஆகணும். கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள், சிம்பு விழுந்திருக்கா?"

"கண்ணாடி போடாம அவர் பட்டறையில கால் வைக்கமாட்டார். நான்தானே வாங்கிக் குடுத்தேன்!"

கணவர் தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோதிரத்தைக் கழற்றினார்கள். இடுப்பு வாரைக் கழற்றினார்கள். பற்றவைக்கும்போது பட்ட பொறியால் ஓட்டை ஓட்டையான சட்டையை மாற்றி, நாடா வைத்த பச்சை அங்கியை மாட்டினார்கள். காந்தம் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். உள்ளேயிருந்து அந்த இயந்திரத்தின் ஓயாத டிக் டிக் சத்தம் வந்தது. வேலை செய்யாதபோதும் அதன் காந்தம் விழித்தேதான் இருக்கும்.

வாசற்படியில் கணவர் நின்றுவிட்டார்.

"ஏம்மா..."

"என்னங்க? அடைச்ச மாதிரி இருக்குமேன்னு பயமா? கண்ணை மூடிக்கங்க, நான் மைக்குல பேசிக்கிட்டே இருக்கேன்."

"அதில்ல. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி பட்டதா இருந்தா பரவாயில்லையா?"

"எது?"

"கண்ணுல."

காந்தம் கைப்பிடியை விட்டுவிட்டு, கதவுக்குக் குறுக்கே முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். அவர் முகத்தில் கேலி மறைந்திருந்தது.

"மாப்பிள்ளை, பின்னாடி வாங்க. அப்படியே ரெண்டடி பின்னாடி."

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து கணவர் சொன்னார். மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலம். கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் ஆவி படிந்து மங்கிவிட்டது. துடைப்பதற்காக ஒரு நிமிஷம் மேலே தூக்கினார். சுருக்கென்று ஏதோ பட்டது. கண் டாக்டரிடம் போனார். ஒரு துணுக்கை எடுத்துவிட்டு, எல்லாம் போய்விட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

"கண் சிவந்து வந்தீங்களே... கண் நோய்னு சொன்னீங்க. குழந்தைக்கு ஒட்டிக்கும்னு உங்களைத் தனியாப் படுக்கவெச்சேனே!"

"ஆமா."

"நான் தண்ணி காய்ச்சி ஒத்தடம் குடுத்தேனே! அப்பவும் சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

"அதுக்கு முந்தின வாரம்தான் பட்டறைக்காரர் ஒருத்தர் கண் போய் ஆஸ்பத்திரிக்கு வந்தாருன்னு வீட்டுக்கு வந்து அப்படி அழுதே. கண்ணாடியைக் கழட்டவே மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினே. உடனே போய் எப்படிம்மா சொல்றது? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் மறந்தே போச்சு."

"இப்ப கேட்டாரே, அப்பவாவது..."

"நீதான் இல்லேன்னு சொல்லிட்டியே."

இரண்டே அடி. இரண்டடி எடுத்து வைத்திருந்தால், உள்ளே ஒரு துணுக்கு மிச்சமிருந்தால், அந்த இயந்திரத்தின் காந்தம் அதைச் சும்மா விட்டிருக்குமா? கண்ணுக்குள் அது திரும்பியிருக்கும், நகர்ந்திருக்கும், கிழித்திருக்கும். இருட்டில் பற்றவைக்க முடியுமா? பார்வை போன கணவருக்கு, 'நான்தான் உங்களுக்காகப் பதில் சொன்னேன்' என்று எந்த முகத்தோடு சொல்லியிருப்பாள்?

நேற்று எடுத்த படம் நினைவுக்கு வந்தது. வழக்கம்போலச் சாய்த்திருந்தால் கண்ணின் மேல்பாகமாவது அதில் விழுந்திருக்கும். கண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று அவளே, தன் கையாலேயே, கண்ணைப் படத்திலிருந்து தள்ளி வைத்திருந்தாள்.

"போதும், அழறதை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார் காந்தம். "முதல்ல மூத்த நாத்தனார்கிட்ட போங்க."

எக்ஸ்ரே அறையில் அவரை நிற்கவைத்து, முகத்தைப் பலகையில் பதியவைத்தாள். "மேலே பாருங்க." ஒரு படம். "கீழே பாருங்க. தலையை ஆட்டாம கண்ணை மட்டும்." இன்னொரு படம்.

திரையில் கண்குழி இரண்டும் கறுப்புக் கிண்ணங்களாக வந்தன. வலது கிண்ணத்துக்குள் ஊசி முனைபோல வெள்ளைப் புள்ளி ஒன்று.

அவள் டாக்டரை அழைத்து வந்தாள்.

படம் பார்க்கும் டாக்டர் இரண்டையும் அருகருகே வைத்தார். "கண் மேலயும் கீழயும் போயிருக்கு, புள்ளி நகரலை. அதனால கண் உருண்டைக்குள்ள இல்லைன்னு நினைக்கறேன். வெளியே, குழியில எங்கயோ ஒட்டிக்கிட்டிருக்கு. ஆனா முன்னாடியா பின்னாடியான்னு எக்ஸ்ரே சொல்லாது. எப்படி இருந்தாலும் எம்.ஆர்.ஐ. கிடையாது."

"ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா சார்?"

"பார்வை நரம்புக்குப் பக்கத்துல இருந்தா எடுக்கப் போறதே ஆபத்து."

"அப்ப மண்டையில இருக்கற நிழல்?"

அவள் சொல்லி முடித்த பிறகுதான், பின்னால் கணவர் நிற்பதைக் கவனித்தாள்.

"எந்த நிழல்?" என்றார் அவர்.

கறுப்புக் கிண்ணங்கள் இரண்டும் திரையில் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சுத்தமா இருக்குன்னு சொன்னியேம்மா!"

"ஆமா, சொன்னேன்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க கண் நோய்னு சொன்ன மாதிரிதான்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "சண்டையை வீட்டுக்குப் போய்ப் போடுங்க. இன்னொரு சி.டி. எடுக்கலாம். இந்தத் தடவை மெல்லிசுச் சீவல், கோணத்தை மாத்தி, நரம்புல மருந்து ஏத்தி. கண்ணையும் சேர்த்து. கதிர் கொஞ்சம் கூடத்தான். ஆனா கட்டின்னா பெரும்பாலும் மருந்தைக் குடிச்சு வெளுத்துக் காட்டும். வெறும் கோடுன்னா கோணம் மாறினதும் இடம் மாறிடும், இல்ல காணாமப் போயிடும்."

மறுபடியும் அதே மேஜை. மறுபடியும் அந்த முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள். இந்த முறை முகவாயை உயர்த்தி வைத்தாள். கண்கள் படத்துக்குள் வந்தன. எந்தக் கண்ணைக் காக்க நினைத்தாளோ, அதே கண்ணைக் கதிருக்கு நேராக நிறுத்தினாள்.

"மருந்து போகும்போது உடம்பெல்லாம் சூடா இருக்கும். பயப்படாதீங்க."

"நீ பயப்படாம இரு. உன் கைதான் ஐஸ் மாதிரி இருக்கு."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து பித்தானை அழுத்தினாள். ஒவ்வொரு சீவலாகத் திரையில் ஏறி வந்தது. கண்குழியின் பின்கோடியில், பார்வை நரம்பைத் தொட்டும் தொடாமலும், அந்தத் துணுக்கு பளிச்சென்று கிடந்தது. இத்தனை வருஷமும் சத்தம்போடாமல் அங்கேயே குடியிருந்திருக்கிறது.

பிறகு பின்மூளை. அவள் கண்களை மூடிக்கொண்டாள். எத்தனையோ பேருடைய விதியைத் திரையில் பார்த்தவள்தான். இன்றைக்கு முடியவில்லை.

"கண்ணைத் திற" என்றார் டாக்டர். "இதோ பார், அந்த இடம். ஒண்ணுமே இல்லை. நேத்து வந்தது எலும்போட கோடுதான்."

அவள் உட்காரவுமில்லை, அழவுமில்லை. "நிச்சயமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"கட்டி தெரியலைன்னு சொல்றேன். சி.டி. சொல்லக்கூடியது அவ்வளவுதான். அந்த இடத்தை நூத்துக்கு நூறு பார்க்கற எம்.ஆர்.ஐ.கிட்ட நாம போக முடியாது. ஏன் விழுந்தார்னு நரம்பு டாக்டரம்மாகிட்ட கேளு."

நிம்மதி பாதி தூரம் வந்து வாசலில் நின்றுவிட்டது. கட்டி இல்லை என்றால் எதற்காகத் தலை சுற்றியது? எந்த இயந்திரமும் பார்க்காத இடத்தில் வேறு என்ன ஒளிந்திருக்கிறது?

நரம்பு டாக்டரம்மா படங்களைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "எப்ப எப்ப தலை சுத்துது?"

"அவருக்கு..." என்று தொடங்கியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் வெளியே நிக்கறேன் டாக்டர். அவரே சொல்லட்டும்."

"வெளியே போக வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. கணவர் யோசித்து யோசித்துச் சொன்னார். நிமிர்ந்து மேலே பார்த்தால் சுற்றுகிறது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் கூரையே சுழல்கிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ஒரு மாதமாகவே இருக்கிறது. அதனால்தான் இடப்பக்கமே படுத்துக்கொண்டிருந்தார். அவர் தன்மேல் கோபத்தில் முதுகைக் காட்டிப் படுக்கிறார் என்று ஒரு மாதமாக நினைத்திருந்தவள், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். அவருடைய கருவிழிகள் துடிதுடித்துச் சுழன்றன. "ஐயோ!" என்று கட்டிலின் விளிம்பைப் பற்றினார்.

"இதுதான். காதுக்குள்ள மணல் மாதிரி துகள் இருக்கும். அது இடம் மாறிப் போயிருக்கு. எந்த ஸ்கேன்லயும் இது தெரியாது. கேட்டாத்தான் தெரியும், இப்படிப் படுக்கவெச்சாத்தான் தெரியும்." பேசிக்கொண்டே தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார், உடம்பைப் புரட்டினார், எழுப்பி உட்காரவைத்தார். "துகளைப் பழைய இடத்துக்கு அனுப்பியிருக்கேன். இன்னும் ஓரிரு தடவை செய்ய வேண்டியிருக்கும். கை கால் மரத்துப்போனா, பேச்சு குழறினா, நடை தள்ளாடினா அன்னைக்கே வரணும். முக்காலியில கொஞ்ச நாள் ஏறவே கூடாது."

கண் டாக்டரும் வந்து பார்த்தார். துணுக்கு அங்கேயே இருக்கட்டும், கிளற வேண்டாம் என்றார். இனி வாழ்நாள் முழுக்க அந்தக் கனத்த கதவுக்குப் பக்கத்தில்கூட அவர் போகக் கூடாது. நாளைக்கே நிஜமாக ஏதாவது வந்தால், எல்லாம் தெரிந்த அந்தக் கடைக்குட்டியிடம் மட்டும் கேட்க முடியாது. அந்தக் கவலை அவளோடு வீட்டுக்கும் வந்தது. வந்தது போகவேயில்லை.

சில நாள் கழித்து ஒரு மாலை. சமையலறை மேஜையில் அவரை எதிரே உட்காரவைத்தாள்.

"இப்ப கேக்கறேன். உங்க வாயால சொல்லுங்க. உடம்புல வேற எங்கயாவது இரும்பு இருக்கா?"

"இல்ல."

"எங்கயாவது வலிச்சு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். "இடது முட்டி. மாடி ஏறினா."

"எத்தனை நாளா?"

"இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து."

அறையிலிருந்து மகளின் சிரிப்பு கேட்டது. அவளுக்கு அவரைத் திட்டத் தோன்றியது, திட்டவில்லை.

"சரி, என் முறை" என்றார் அவர். "இனிமே படத்துல என்ன வந்தாலும் என்கிட்ட சொல்லுவியா?"

வாய் உடனே 'சொல்றேன்' என்று சொல்லத் தயாராக இருந்தது. ஊருக்கெல்லாம் பட்டென்று பதில் சொல்லுகிற வாய். அவள் அதை அடக்கிக்கொண்டு அவருடைய வலது கண்ணையே பார்த்தாள். அந்தத் துணுக்கு இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கே எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் சோர்ந்த, அவளையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்.

"பயமா இருக்கும். ஆனா சொல்றேன்" என்றாள். "முட்டியைக் காட்டுங்க. நாளைக்கு எக்ஸ்ரே எடுத்துடலாம்."